மலையேறும் நாளுக்கு முன்

நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், புறப்பாட நடவடிக்கையின் ஒரு பகுதியாக மாணவர்கள் குழுவாக மலையேறச் செல்கிறார்கள். காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிடும் ஒருநாள் பயணம் அது. உடன் ஒரு வழிகாட்டி வருவார். ஆகவே, “எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார், நாம் பின்னால் நடந்தால் போதும்” என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

இந்த எண்ணத்தில் பாதிதான் சரி. வழிகாட்டி மலையை அறிவார். எந்த வேர் வழுக்கும், எந்த ஓடை மழைக்குப் பின் பெருகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால், சென்ற மாதம் உங்கள் முழங்காலில் அடிபட்டதும், நேற்றிரவு நீங்கள் மூன்று மணி நேரம் மட்டுமே உறங்கியதும் அவருக்குத் தெரியாது. அதை அறிந்தவர் நீங்கள் ஒருவரே. அவர் அறிந்ததும் நீங்கள் அறிந்ததும், நடை தொடங்கும் முன்பே ஒன்றுசேர வேண்டும். முன்னேற்பாடு என்பதன் பொருள் இதுதான். கேமரன் மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை எவ்வாறு செய்வது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இடத்தை அறிதல்

பகாங் மாநிலத்தில், தித்திவங்சா மலைத்தொடரில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளவிட வந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரையே அது தாங்கியுள்ளது. தானா ராத்தா பட்டணத்திலிருந்து எண் இடப்பட்ட நடைபாதைகள் பல காட்டுக்குள் செல்கின்றன. அவற்றுள் 10ஆம் எண் பாதை, குனோங் ஜாசார் மலைக்கு ஏறுகிறது.

ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்ததும் அதன் வரைபடத்தைக் குழுவினர் அனைவரும் பார்க்க வேண்டும். புவியியல் பாடத்தில் நீங்கள் படித்த சமவுயரக் கோடுகள் இங்கே பயன்படும். கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்தானது. விலகி இருந்தால் சரிவு மென்மையானது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே ஓய்வெடுக்கலாம் என்பதை வீட்டில் இருந்தபடியே ஓரளவு சொல்லிவிடலாம்.

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுவான கணக்கு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே, ஈப்போவில் 33 பாகை வெயில் அடிக்கும் நண்பகலில் தானா ராத்தாவில் ஏறக்குறைய 24 பாகைதான் இருக்கும். இது இதமான குளிர்தான். ஆனால், மழையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் அதே குளிர் உடலை நடுங்க வைத்துவிடும்.

அனுமதியையும் மறக்கக்கூடாது. நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் நுழைவதற்கு மாநில வனத்துறையின் அனுமதி தேவை. வனத்துறையின் பயிற்சியும் சான்றும் பெற்ற வழிகாட்டிகளும் இருக்கின்றனர். இவர்களை மலாய்மொழியில் ‘மாலிம் கூனோங்’ என்பர். அனுமதி பெறுவதும் வழிகாட்டியை அமர்த்துவதும் ஆசிரியரின் பொறுப்பு. பெயர், அடையாள அட்டை எண், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பிழையின்றி, உரிய நாளுக்குள் கொடுப்பது மாணவரின் பொறுப்பு.

நேரத்தைக் கணக்கிடுதல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நேஸ்மித், 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கைத் தந்தார். அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 5 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பதே அக்கணக்கு.

போகவும் வரவும் சேர்த்து 8 கிலோமீட்டர் தூரமும், 400 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். தூரத்திற்கு 96 நிமிடம். ஏற்றத்திற்கு 40 நிமிடம். மொத்தம் 2 மணி 16 நிமிடம். ஆனால், இது திறந்த வெளியில், பழகிய கால்கள் நடக்கும் வேகம். நம் காடுகளில் வேர்களைத் தாண்ட வேண்டும். சேற்றில் காலூன்ற வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தின் அடியில் குனிந்து செல்ல வேண்டும். இருபது பேர் கொண்ட மாணவர் குழுவிற்கு அந்த நேரத்தை இரண்டு மடங்காகக் கொள்வது நல்லது. அப்படியானால் நான்கரை மணி நேரம் ஆகும். ஓய்வுக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். காலை 8.30க்குப் புறப்பட்டால் பிற்பகல் 2.00 மணிக்குத்தான் இறங்கி முடிப்போம்.

இந்தக் கணக்கிலிருந்து மற்றொரு முடிவும் கிடைக்கிறது. உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் குழு திரும்ப வேண்டும். மேற்கண்ட பாதைக்கு அதை 11.30 என்று வைத்துக்கொள்ளலாம். நம் மலைகளில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியுடன் மழை இறங்குகிறது. அதற்குள் உயரமான இடத்தைவிட்டுக் கீழே வந்துவிட வேண்டும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவுசெய்வதற்குக் காரணம் உண்டு. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது, “இன்னும் பத்தே நிமிடம்” என்று சொல்லாதவர் யாரும் இல்லை. அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாக நீள்வதும் வழக்கம்.

உடலைப் பழக்குதல்

பயணத்திற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். அதற்கு மலை வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டின் படிகள் போதும். முதல் வாரம் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். பிறகு வாரந்தோறும் நேரத்தைச் சிறிது கூட்டுங்கள். கடைசி இரு வாரங்களில், மலைக்குக் கொண்டுபோகும் அதே பையை அதே எடையோடு சுமந்து பழகுங்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று நினைத்துத் தாவி இறங்குவோரே அதிகம் வழுக்கி விழுகின்றனர். எனவே, படிகளில் மெதுவாக, காலை முழுமையாக ஊன்றி இறங்கிப் பழக வேண்டும். பயணத்திற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். நகம் நீண்டிருந்தால், இறங்கும்போது காலணியின் முனையில் இடித்து வலியெடுக்கும்.

காலணி புதிதாகவும் இருக்கக்கூடாது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததாகவும் இருக்கக்கூடாது. புதியது காலைக் கடித்துக் கொப்புளம் உண்டாக்கும். நெடுநாள் கிடந்ததில் பசை பிடிப்பிழந்து, நடுவழியில் அடிப்பாகம் கழன்றுவிடும். விலை உயர்ந்த காலணி கட்டாயமில்லை. பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள் அணிந்துவந்த கறுப்பு ரப்பர்க் காலணியை இன்றும் மலையேறுவோர் பலர் விரும்பி அணிகின்றனர். அடியில் புடைப்புகள் இருப்பதால் அது சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ‘கம்போங் அடிடாஸ்’ என்று அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் உண்டு.

உள்ளதைச் சொல்லுதல்

பயணத்திற்கு முன் உங்களிடம் ஓர் உடல்நலப் படிவம் தரப்படும். பையில் வைக்கும் எந்தப் பொருளையும்விட அந்த ஒரு தாள் முக்கியமானது.

ஒரு மாணவருக்கு ஆஸ்துமா இருப்பதாக எண்ணிப் பாருங்கள். “நோய் ஏதேனும் உண்டா?” என்ற கேள்விக்கு அவர் “இல்லை” என்று எழுதுகிறார். உண்டு என்று எழுதினால் தன்னை அழைத்துப் போகமாட்டார்களோ என்ற அச்சம்; நண்பர்கள் கேலி செய்வார்களோ என்ற கூச்சம். இன்ஹேலரையும் பேருந்திலேயே விட்டுவிடுகிறார். குளிர்ந்த காற்றும் செங்குத்தான ஏற்றமும் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் அவருக்கு மூச்சுத் திணறல் வருகிறது. அவர் வரிசையின் நடுவில் இருப்பதால் வழிகாட்டி கவனிக்கவில்லை. தெரியவரும்போது, மருந்து இருக்கும் இடம் ஒரு மணி நேர நடைக்கு அப்பால் இருக்கிறது.

அதே மாணவர் “உண்டு” என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில், மலையேறலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருப்பார்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால், வழிகாட்டி அவரைத் தமக்கு அடுத்து நடக்க வைத்திருப்பார். இன்ஹேலர் சட்டைப்பையில் இருந்திருக்கும். மாற்று இன்ஹேலர் ஆசிரியரிடம் இருந்திருக்கும். குழுவின் வேகமும் அவருக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். உண்மையைச் சொல்வது பெரும்பாலும் பயணத்தைத் தடுப்பதில்லை. பயணத்தை இயலச் செய்கிறது.

தேனீ, குளவிக் கடியால் ஒவ்வாமை, வலிப்பு, அண்மையில் வந்த காய்ச்சல், சுளுக்கு, தினமும் உட்கொள்ளும் மருந்து, உயரத்தைக் கண்டால் வரும் அச்சம் ஆகிய எதையும் மறைக்கக்கூடாது. தாப்பாவிலிருந்து ஏறும் வளைவு நெளிவான சாலையில் உங்களுக்கு வாந்தி வரும் என்றால் அதையும் சொல்லுங்கள். வாந்தி எடுத்துக் களைத்த உடலோடு நடையைத் தொடங்குவது நல்லதன்று. எல்லார் முன்னிலையிலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஆசிரியரிடம் தனியே சொல்லலாம். கேட்டவர் அதைத் தேவையானவரிடம் மட்டுமே பகிர வேண்டும். நண்பர் ஒருவர் தம் குறையை வெளிப்படையாகச் சொன்னால் கேலி செய்யாமல் இருப்பதும் முன்னேற்பாட்டைச் சேர்ந்ததே. கேலிக்கு அஞ்சித்தான் பலர் மறைக்கின்றனர்.

பையில் வைக்க வேண்டியவை

ஒருநாள் நடைக்குப் பெரிய பை தேவையில்லை. கீழ்க்காண்பவை போதும்:

• குறைந்தது 2 லிட்டர் குடிநீர்
• மதிய உணவு. இடையில் உண்ண வாழைப்பழம், கடலை, பேரீச்சம்பழம் போன்றவை
• மழை அங்கி
• நீர்புகாத நெகிழிப் பையில் சுற்றிய மாற்றுச் சட்டை
• தலைவிளக்கு அல்லது சிறிய கைவிளக்கு
• விசில்
• சொந்த மருந்துகள்
• குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை

பகல் 2.00 மணிக்கே இறங்கிவிடும் நடைக்கு விளக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒருவருக்குக் கால் சுளுக்கினால் குழுவின் வேகம் பாதியாகும். அடர்ந்த காட்டினுள் மாலை ஆறு மணிக்கே இருள் சூழத் தொடங்கிவிடும். கைப்பேசியின் விளக்கை நம்புவது தவறு. அதன் மின்கலம் அழைப்பதற்குத் தேவைப்படும். மலையில் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் 999 எண்ணை அழைக்க, மின்கலத்தில் ஆற்றல் மீதமிருக்க வேண்டும்.

பருத்திச் சட்டை வியர்வையையும் மழையையும் உறிஞ்சிக்கொண்டு எளிதில் காயாது. விளையாட்டின்போது அணியும் மெல்லிய செயற்கை இழைச் சட்டையே ஏற்றது. காற்சட்டையின் நுனியை நீண்ட காலுறைக்குள் செருகிக்கொண்டால் அட்டைகள் ஏறுவது குறையும். அட்டை கடித்துவிட்டால் பதற வேண்டாம். அதன் வாய்ப் பகுதியை விரல் நகத்தால் மெல்லத் தள்ளி அகற்றி, காயத்தைக் கழுவுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருளை அட்டை செலுத்துவதால், சிறிது நேரம் இரத்தம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

சொல்லிவிட்டுச் செல்லுதல்

தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தானா ராத்தாவுக்கு அருகே நண்பர்களுடன் விடுமுறையில் தங்கியிருந்தார். அன்று பிற்பகலில் அவர் தனியே வெளியே சென்றார், திரும்பி வரவில்லை. காவல் துறையினர், இராணுவத்தினர், பூர்வக்குடியினர் எனப் பலர் காட்டில் நாள்கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை விளங்காத புதிராகவே உள்ளது.

ஒருவர் எந்தப் பாதையில் சென்றார் என்பது தெரியாவிட்டால், எத்தனை பேர் தேடினாலும் எங்கே தொடங்குவது என்பதே கேள்வியாகிவிடும். ஆகவே, மலையேறாத ஒருவரிடம் நான்கு செய்திகளை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பவையே அவை. இறங்கியதும் அவருக்குத் தெரிவிப்பது அதைவிட முக்கியம். இல்லையேல், நாம் உணவகத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் வேளையில் மீட்புப் படையினர் நம்மைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பர்.

வரிசையில் நடத்தல்

குழுவின் முன்னால் வழிகாட்டி நடப்பார். கடைசியில் பொறுப்பாளர் ஒருவர் வருவார். வழிகாட்டியை முந்தவும் கூடாது. கடைசியில் வருபவருக்குப் பின்தங்கவும் கூடாது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது நல்ல குழுவின் வழக்கம். பின்னால் விட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். மற்றவர்கள் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வந்து சேருவார். மிகவும் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும்.

இருவர் இருவராகத் துணை சேர்ந்து, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அனைவரும் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க ஒதுங்க வேண்டுமானால் துணைவரிடம் சொல்லிவிட்டு, பையைப் பாதையோரத்திலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். பையைக் கண்டதும், நீங்கள் இன்னும் வரவில்லை என்பதைக் கடைசியில் வருபவர் அறிந்து நிற்பார்.

எவ்வளவு கவனமாக இருந்தும் வழி தவறிவிட்டால், நடப்பதை உடனே நிறுத்துங்கள். தேடி அலைந்தால் குழுவிடமிருந்து மேலும் விலகிவிடுவீர்கள். ஓர் இடத்தில் அமர்ந்து விசிலை ஊதுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அனைத்துலக முறை. மூன்று முறை ஊதல் ஒலி கேட்டால், உங்கள் அழைப்புக்கு விடை வந்துவிட்டது என்று பொருள்.

மலை வெறும் காட்சிப்பொருளன்று. பலரின் வாழிடமும் பணியிடமும் அதுவே. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் போன்றவற்றில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர். அங்குள்ள காடுகளைச் செமாய் பூர்வக்குடியினர் அதற்கும் முன்பிருந்தே அறிந்தவர்கள். தேயிலைச் செடிகளை மிதிக்காமல் நடப்பதும், கிராமத்தைக் கடக்கும்போது வணக்கம் கூறுவதும், கேட்காமல் யாரையும் படம் எடுக்காமல் இருப்பதும் நாம் அவர்களுக்குக் காட்டும் மரியாதை.

வானம் இருண்டால்

முதல்நாள் இரவும் புறப்படும் காலையிலும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். இருப்பினும், மலையில் வானிலை நொடியில் மாறும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது ஒலியின் கணக்கு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது உச்சியையும் திறந்த மேட்டையும் தனித்து நிற்கும் மரத்தையும் விட்டு விலக வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே மீண்டும் மேலே செல்லலாம்.

ஓடையைக் கடக்கும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால், மேலே பெய்த மழை திடீர்ப் பெருக்காக இறங்கி வரலாம். இதை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய நேரத்தில் வழிகாட்டி, “இன்று இதோடு திரும்புவோம்” என்று சொல்லலாம். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உச்சியில் எடுக்க நினைத்த படம் கிடைக்காமல் போகும். ஆனால், அம்முடிவை எடுக்கும்போது அவர் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. படிவத்தில் நீங்கள் எழுதியதையும், யார் களைத்திருக்கிறார் என்பதையும், கீழே இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்தே எண்ணுகிறார். நீங்கள் உள்ளதைச் சொல்லியிருந்தால்தான் அவரது முடிவும் சரியாக அமையும். ஆகவே, படிவம் கைக்கு வரும் நாளில், எழுதுகோலை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாக விடை எழுதுங்கள். உங்கள் மலையேற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

கலந்துரையாடுக

1. மெதுவாக நடப்பவரை வரிசையின் முன்னால் விடுவதற்குப் பாடம் கூறும் காரணம் யாது? வகுப்பறையில் இதைப் போன்ற ஒரு சூழலைக் கூறுக.
2. போகவும் வரவும் 10 கிலோமீட்டர் தூரமும், 300 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு உங்கள் குழுவிற்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்? பாடத்தில் உள்ளபடி கணக்கிட்டு, திரும்பும் நேரத்தை முடிவு செய்க.
3. உங்கள் நண்பர் தமக்கு இருக்கும் நோயை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறார். நாளை மலையேறும் நாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? காரணங்களுடன் விளக்குக.